எலுமிச்சையிலிருந்து வந்த பச்சை வெளிச்சம்

அழுகின எலுமிச்சையை யாராவது பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவார்களா? நான் வருவேன். புளியங்குடி கமிஷன் கடையில் லாரிக்கு ஏற்றாமல் கழித்துப் போட்ட பழங்களை ஒரு சாக்கில் கட்டி வாங்கி, தென்காசி பஸ்ஸில் காலடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். கடையநல்லூர் வருவதற்குள் பஸ் முழுக்கப் புளித்த வாடை ஏறிவிடும். பக்கத்து சீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போவார்கள். எனக்கு வசதிதான், காலை நீட்டிக்கொள்ளலாம்.

"டீச்சர், ஊறுகாய் போடவா கொண்டு போறீய?" என்று கண்டக்டர் ஒருநாள் கேட்டார்.

"வெளிச்சம் எடுக்க."

அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு எந்தப் பயணத்திலும் என்னிடம் பேச்சுக் கொடுக்கவே இல்லை. ஊறுகாய்க்குத்தான் என்று சொல்லியிருந்தால் நாலு வார்த்தை பேசியிருப்பார்.

ஆனால் நான் சொன்னது உண்மை. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். பாடம் போக மீதி நேரத்தில் செய்கிற வேலை இது. செல்போன், டி.வி. திரைகளுக்கு ஒளிர்கிற பொருள் ஒன்று வேண்டும். இப்போது பயன்படுகிறவற்றில் சில நஞ்சு, சில பூமியில் அரிதாகக் கிடைக்கிற உலோகம். எங்கோ ஒரு மலையைக் குடைந்து எடுத்து வருகிறார்கள். போன் பழசானதும் நாம் குப்பையில் போடுகிறோம். அது மண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதற்குப் பதிலாக, வீணாய்ப் போகிற காயிலிருந்தும் பழத்திலிருந்தும் ஒளிரும் பொருள் எடுக்க முடியுமா என்று உலகத்தில் பல பேர் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். தென்காசிப் பக்கம் உடைத்துக்கொண்டவள் நான்.

சாற்றை வடிகட்டி, மூடியைத் திருகி இறுக்கிய எவர்சில்வர் குடுவையில் ஊற்றி, ஓவனில் பல மணி நேரம் வேகவைக்க வேண்டும். டீ டிகாக்‌ஷன் நிறத்தில் ஒரு தண்ணீர் கிடைக்கும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கரிப் புள்ளிகள் மிதக்கும். புற ஊதா விளக்கைக் காட்டினால் அந்தப் பழுப்புத் தண்ணீர் நீலமாக ஒளிரும். முதல் தடவை பார்க்கிறவர்கள் 'ஆத்தாடி' என்று வாயைப் பிளப்பார்கள். பிளந்த வாய் மூடுவதற்குள் நான் அடுத்ததைச் சொல்லிவிடுவேன்: காய்ந்தால் இது செத்துப்போகும். திரை என்பது காய்ந்த படலம். தண்ணீரில் மட்டும் ஒளிர்கிற ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு மண்ணும் செய்ய முடியாது.

ஏன் செத்துப்போகிறது என்றால், தண்ணீரில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக மிதக்கிறது. காய்ந்ததும் ஒன்றன்மேல் ஒன்று அப்பிக்கொண்டு, ஒன்றின் வெளிச்சத்தை இன்னொன்று விழுங்கிவிடுகிறது. தனியாக இருந்தால் ஒளிரும், கூட்டம் சேர்ந்தால் இருண்டுவிடும். அப்படியே என்னைப் போல என்று வகுப்பில் ஒருமுறை சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

பெருமைப்பட என்ன இருந்தது என்று இப்போது தெரியவில்லை. வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவள், அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்று ஊருக்கு வந்தேன். அவர் எழுந்திருக்கவே இல்லை. அம்மா அதற்கும் முன்பே போயாயிற்று. கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. அப்பா போனபிறகு திரும்பிப் போயிருக்கலாம். இந்த வேலை கிடைத்தது, இருந்துவிட்டேன். சாயங்காலம் வீட்டைத் திறந்தால் காலையில் நான் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். தனியாக இருக்கிறேன் என்று சொல்லக் கூச்சப்பட்டு, 'வீடு அமைதியாக இருக்கிறது' என்று எல்லோரிடமும் சொல்லிப் பழகினேன்.

இதற்கு நடுவில்தான் அவள் வந்தாள். இயற்பியல் துறை, வராந்தாவுக்கு அந்தப் பக்கம். கீழப்பாவூர்க்காரி. அப்பா அங்கே லேத்துப் பட்டறை வைத்திருந்தவர். தொண்டை என்றால் தொண்டை, அவள் இரண்டாம் மாடியில் பாடம் நடத்தினால் சைக்கிள் ஸ்டாண்டில் நிற்பவன் பரீட்சை எழுதிவிடலாம். என் தண்ணீரைக் கண்ணாடித் துண்டில் மெல்லிய படலமாகப் பூசுவதற்கு ஒரு சுழலும் கருவி வேண்டியிருந்தது. அது அவள் துறையில் இருந்தது. கேட்கப் போனேன். அவள் கருவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, சாப்பிட்டியா? மூஞ்சியப் பாத்தா சாப்பிட்ட மாதிரி தெரியலையே."

அறிமுகமே ஆகவில்லை, அதற்குள் ஏட்டி! எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "சாப்பிட்டா என்ன, சாப்பிடலைன்னா என்ன? மிஷின் கிடைக்குமா கிடைக்காதா?" என்று சள்ளென்று விழுந்தேன்.

"அடி ஆத்தே, கோவத்தப் பாரு. இந்தா, புட்டும் பயறும். தின்னுட்டுச் சண்ட போடு."

தின்றேன். அதற்குப் பிறகு தினமும் இரண்டு டப்பா கொண்டுவந்தாள். நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. உப்பு கம்மி, காரம் ஜாஸ்தி என்று ஏதாவது நொட்டை சொல்லுவேன். "திங்குத வாய்க்கு இது வேறயா?" என்பாள். அவள் லீவு போட்ட நாட்களில் நான் கேன்டீனுக்குப் போகாமல், பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுவிட்டு வேலை பார்ப்பேன். அவள் இல்லாவிட்டால் பசிக்காது போல.

நான் வேகவைப்பேன், அவள் பூசுவாள். காய்ந்ததும் இரண்டு பேரும் கறுப்புப் பெட்டிக்குள் தலையை நுழைத்து, புற ஊதா விளக்கைப் போட்டுப் பார்ப்போம். இருட்டாக இருக்கும். "கிழிஞ்சுது போ" என்பாள். மறுபடி வேகவைப்பேன். புள்ளிகள் அப்பிக்கொள்ளாமல் இருக்க ஒரு பிசினில் கலந்து பூசிப் பார்த்தோம். அப்போதும் இருட்டுத்தான். அந்த வருஷம், ஆனி ஆடியில் வருகிற சாரல் முன்னதாகவே தொடங்கிவிட்டது. குற்றாலத்துக்குப் போகிற பஸ்களில் துண்டும் எண்ணெய்த் தலையுமாக ஜனம் தொங்கிக்கொண்டு போகும். நாங்கள் ஈரத்தில் படலம் பூத்துப்போகிறதே என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடப்போம்.

அந்தச் சாரலில்தான் அவள் சொன்னாள். அவள் வீட்டுக்காரருக்குக் கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனியில் வேலை. மகளுக்கும் அங்கேயே கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. அவர் வீடும் பார்த்துவிட்டார். நீ மட்டும் அங்கே என்னத்துக்கு, வேலையை விட்டுவிட்டு வா என்கிறார்.

"நான் அவியகிட்ட சொல்லிட்டேன்," என்றாள். "இந்த செமஸ்டர் முடியுமுன்ன காஞ்ச படலத்துல வெளிச்சம் வந்துட்டுன்னா நான் வரமாட்டேன். வரலன்னா மூட்டையக் கட்டிட்டு வந்துருதேன். அவியளும் சரின்னுட்டாவ."

"உன் இஷ்டம்," என்றேன். எழுந்து போய் ஒரு குடுவையைத் தேய்த்துக் கழுவினேன். அது ஏற்கெனவே கழுவியிருந்த குடுவை. அதுவரை அந்த வேலை ஒரு ஆராய்ச்சி. அன்றைக்குப் பிறகு, வெளிச்சம் வராவிட்டால் அவள் போய்விடுவாள் என்பது மட்டும்தான் என் மண்டையில் ஓடியது. உலகத்துத் திரைகளும் மலையைக் குடைவதும் எங்கேயோ போய்விட்டன.

சாரல் போயிற்று. வெயில் அடித்தது. வெளிச்சம் வரவில்லை. பிறகு ஆயுத பூஜை வந்தது.

எனக்குச் சாமி பூதம் எதிலும் பெரிய ஈடுபாடு கிடையாது. லேபில் பூஜை வேண்டும் என்று நின்றவள் அவள்தான். "சர்ச்சுக்குப் போறவளுக்கு இதெல்லாம் என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"எங்கப்பா பட்டறையில லேத்துக்குப் பொட்டு வெக்கிறது நாந்தாம்ட்டி. நான் சர்ச்சுக்குப் போறேன்னு மிஷினு கோவிச்சுக்கிட்டா யாரு சமாதானம் பண்ணுதது? அதும்போக, பொரிகடல யாரு தருவா?"

சந்தனம் கொஞ்சமாக இருந்தது. மஞ்சளைக் கொட்டிக் குழைத்துக்கொண்டாள். ஓவனுக்கு ஒரு பொட்டு, தராசுக்கு ஒரு பொட்டு, குடுவைகளுக்கு, பீக்கருக்கு, நான் எத்தனால் வைத்துப் பீய்ச்சுகிற வளைந்த மூக்கு பாட்டிலுக்கு. அதற்கு மட்டும் மூக்கின் நுனியிலும் அடியிலுமாக இரண்டு. "இதுதான் நெறைய வேல செய்யுது, பாவம்," என்றாள். எனக்கு நெற்றியில் ஒன்று வைக்க வந்தபோது கையைத் தட்டிவிட்டேன். மறுநாள் வேலை தொடங்கும்போது ஈரத்துணியை எடுத்தேன். பிடுங்கிக்கொண்டாள்.

"வெச்ச பொட்டத் துடைக்கப்படாது. அதுவா உதுரணும். இதுகூடத் தெரியாதா?"

எங்கள் ஊர்ப்பக்கம் டிராக்டரிலிருந்து தையல் மெஷின் வரை அப்படித்தான். பூஜைக்கு வைத்த பொட்டு தானாக உதிருகிறவரை இருக்கும். நான் துணியைக் கீழே போட்டேன்.

அடுத்த வாரத்தில் ஒருநாள், அவள் வகுப்பில் இருந்தாள். காய்ந்த படலத்தை நான் தனியாகவே பெட்டிக்குள் வைத்து விளக்கைப் போட்டேன். பச்சை. இளம் நாற்று மாதிரி ஒரு பச்சை, படலம் முழுக்க. விளக்கை அணைத்துப் போட்டேன். பச்சைதான். அந்தப் படலத்தில் ஈரம் துளிகூட இல்லை. தண்ணீரில் நீலமாக இருந்தது காய்ந்ததும் நிறம் மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வராந்தாவில் ஓடினேன். என் வயசுக்கு, என் சுபாவத்துக்கு, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி, அவள் வகுப்பு வாசலில் நின்று, "இங்கன வாட்டி!" என்று கத்தினேன். பிள்ளைகள் திகைத்துப்போனார்கள். அவள் சாக்பீஸைப் போட்டுவிட்டு வந்தாள்.

பெட்டிக்குள் தலையை விட்டவள் வெளியே எடுக்கவே இல்லை. எடுத்ததும் என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என்னை ஒரு மனுஷர் தொட்டு எவ்வளவு காலமாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. சந்தோஷத்தில் அழுகை வருமா என்று கேட்டால், வரும். எனக்கு வந்தது.

அவள் வராந்தாவில் நின்றே போன் போட்டாள். "வெளிச்சம் வந்துட்டு! ... ஆமா, காஞ்சதுலதான் ... பச்ச, பச்ச. ... அப்பொ நான் வரல. பேசுன பேச்சு பேசுனதுதான். மாசத்துக்கு ரெண்டு தடவ நீங்க வாங்க, புட்டு அவிச்சுத் தாரேன்."

அன்று சாயங்காலம் அவள் ஸ்கூட்டரில் குற்றாலம் போனோம். மழையில் அருவி பெருகி, குளிக்க விடாமல் மறித்திருந்தார்கள். தூரத்தில் நின்று பார்த்தோம். தண்ணீர் சேறும் மரக்கிளையுமாக இறங்கியது. நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கி, நனைந்துவிடாமல் முந்தானைக்குள் வைத்துத் தின்றோம். "அடுத்த சாரலுக்குள்ள செவப்பு வரவெச்சுருவோம்," என்றாள். "அதுக்கடுத்த சாரலுக்கு ஒரு திரை. சின்னதா, ஒரு தீப்பெட்டி அளவுக்கு. போதும்லா?" போதும் என்றேன். இரண்டு சாரலுக்கு அவள் இருப்பாள் என்று மட்டும்தான் என் காதில் விழுந்தது.

கல்லூரி முதல்வருக்கு விஷயம் எட்டியது. வாசலில் பேனர் வைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம், முதலில் வெளியூரில் பெரிய கருவி இருக்கிற இடத்துக்கு அனுப்பி அளந்து வாங்குவோம் என்றேன். அனுப்புவதற்காக மேலும் படலங்கள் செய்யத் தொடங்கினோம். ஒன்றைவிட அடுத்தது மங்கிக்கொண்டே வந்தது. எலுமிச்சைமேல் பழியைப் போட்டோம். மழைக்காலத்துப் பழம், தண்ணீர் கோத்திருக்கும் என்றாள். பழுத்தது, பழுக்காதது என்று தனித்தனியாக வேகவைத்தோம். இதற்காக நான் புளியங்குடிக்கு நடையாய் நடந்தேன். கமிஷன் கடைக்காரர், "இந்த அழுகலுக்கு இம்புட்டு ஆராய்ச்சியா?" என்று சிரித்தார். அவர்மேலும் எரிந்து விழுந்தேன்.

கார்த்திகை தீபத்தன்று மழை விடாமல் பெய்தது. பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வரும்போது பொழுது மயங்கிவிட்டது. தெருவில் கரண்ட் இல்லை. போனிலும் சார்ஜ் இல்லை. பூட்டுத் துவாரம் தெரியவில்லை. கைப்பைக்குள் துழாவினால், ரூபாய் நோட்டில் கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா டார்ச் கிடைத்தது. வழியில் எங்காவது எலுமிச்சைத் தண்ணீரைச் சோதிக்க வேண்டுமென்று வைத்திருந்தது. அதைத் தட்டினேன்.

காலடியில் நிலைப்படி பச்சையாக எரிந்தது.

எதிர்வீட்டு அக்கா செய்த வேலை. நல்ல நாளும் அதுவுமாக நிலைப்படி மூளியாகக் கிடக்கிறதே என்று, தன் வீட்டுக்கு மஞ்சள் பூசும்போது என் வாசலுக்கும் பூசிவிட்டுப் போயிருக்கிறாள். இரண்டு அகல் விளக்கும் வைத்திருக்கிறாள். மழையில் அணைந்து கிடந்தன. நான் குடையை மடக்காமல் நின்றேன். இளம் நாற்றுப் பச்சை. அதே பச்சை. இத்தனை வாரமாக நான் பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்துப் பூரித்த பச்சை.

உள்ளே போய் மெழுகுவர்த்தி கூட ஏற்றவில்லை. அடுக்களையில் மஞ்சள்பொடி டப்பாவைத் தேடி எடுத்து, ஒரு சிட்டிகையை டம்ளரில் போட்டேன். கை கழுவும் சானிடைசர் பாட்டில் ஒன்று மிச்சம் கிடந்தது, அதைப் பீய்ச்சினேன். சானிடைசரும் லேபில் இருக்கிற எத்தனாலும் சாராய வகைதான்; சாராயத்தில் மஞ்சள் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கிற விஷயம். டார்ச்சைப் பிடித்தேன். பச்சை.

புள்ளிகளைப் பிரித்தெடுக்க ஒவ்வொரு தடவையும் எத்தனால் பீய்ச்சிக் கழுவுவேன். அந்த பாட்டிலின் மூக்கில் அவள் வைத்த பொட்டு. ஒவ்வொரு பீய்ச்சலிலும் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சள் கரைந்து இறங்கியிருக்கிறது. வெறும் பிசினைப் பூசிச் சரிபார்த்தோம்தான். ஆனால் வெறும் பிசினை எதற்கு எத்தனாலில் கழுவ வேண்டும் என்று விட்டுவிட்டோம். பொட்டு கரையக் கரைய வெளிச்சமும் மங்கியது. எலுமிச்சை பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. அது எப்போதும்போல் காய்ந்ததும் செத்துத்தான் கிடந்தது.

அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சொல்லாமல் இருந்தால் என்ன என்று யோசித்தேன். ஆமாம், யோசித்தேன். வெளியூரிலிருந்து அளந்து பதில் வர மாசக்கணக்காகும். அதற்குள் அவள் வீட்டுக்காரர் பழகிக்கொள்வார். பொட்டைத் துடைத்துவிட்டு, மூக்கில் கொஞ்சம் மஞ்சளைப் புதிதாகத் தடவி வைத்தால்கூட யாருக்குத் தெரியும்? அப்படி ஒரு யோசனை எனக்கு வந்தது. எவ்வளவு கேவலமாகத் தனியாக இருந்தால் ஒருத்திக்கு அப்படித் தோன்றும்! பிறகு அவள் முகம் நினைவுக்கு வந்தது. பொய்யான படலத்தைப் பார்த்து அவள் குதிப்பதைத் தினமும் பக்கத்தில் நின்று பார்க்க எனக்கு முடியாது. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன்.

காலையில் அவளுக்கு முன்பே லேபுக்குப் போய்விட்டேன். வந்ததும் டப்பாவைக்கூட வைக்க விடாமல், வளைந்த மூக்கு பாட்டிலைப் பெட்டிக்குள் வைத்து விளக்கைப் போட்டேன். மூக்கைச் சுற்றி வளையம் வளையமாகப் பச்சை.

"என்னட்டி இது?"

"நீ வெச்ச பொட்டு. மஞ்சள். நம்ம வெளிச்சம் இதுதான். எலுமிச்சை இல்ல."

அவளுக்குப் புரிய ஒரு நொடிதான் ஆனது. பிறகு சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அட கஷ்டகாலமே! மஞ்சளா? என் கையாலயே வெச்சனேட்டி! பேனர் வேற வெக்கச் சொன்னாரே!" எனக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். புது பாட்டிலில் கழுவி ஒரு படலம் செய்தோம். சாயங்காலம் காய்ந்தது. இருட்டு.

அப்போது அவள் சிரிக்கவில்லை. பெட்டியிலிருந்து தலையை எடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்பொ என்னட்டி செய்ய?" என்றாள்.

"பிசினை மாத்திப் பாக்கணும்."

"நான் அதக் கேக்கல."

"வேற எதக் கேக்க?" சள்ளென்றுதான் விழுந்தேன். வேறு மாதிரி பேச எனக்கு வரவில்லை.

"ஒண்ணுமில்ல," என்று டப்பாக்களை எடுத்துக்கொண்டு போனாள்.

செமஸ்டர் முடிந்தது. அவள் வீட்டுக்காரர் வேன் பிடித்துக்கொண்டு வந்தார். நல்ல மனுஷர், அதிர்ந்து பேசாதவர். நான் அவர்மேல் கோபமாக இருக்கலாம் என்று போனேன், முடியவில்லை. பீரோவை ஏற்றினார்கள், குக்கரை ஏற்றினார்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்பதுபோல நின்றாள். "ரோட்டுல வேகமாப் போக வேண்டாம்னு சொல்லு, மழை," என்றேன். "சரி," என்று ஏறிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. மத்தியானம் பிஸ்கட். பூசுகிற கருவியை இயக்குகிற வேலையை நானே கற்றுக்கொண்டேன். கொஞ்ச நாள் சாயங்காலமானால் அவளிடமிருந்து ஒரு மெசேஜ் வரும், 'வந்துதா?' என்று. 'இல்ல' என்று அனுப்புவேன். பிறகு வாரத்துக்கு ஒருமுறை வந்தது. பிறகு பண்டிகைக்கு வாழ்த்துப் படம் மட்டும் வந்தது. வராந்தாவில் யாராவது சத்தமாகப் பேசினால் தலையைத் தூக்கிப் பார்ப்பேன். யாரோவாக இருக்கும். எனக்கு அந்த லேபுக்குள் நுழையவே வெறுப்பாக இருந்தது. ஆனால் வீட்டுக்குப் போவதற்கு அது பரவாயில்லை.

மறுபடி சாரல் வந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டன் புடவைக்குக் கஞ்சி போட்டேன். மிச்சக் கஞ்சி கிண்ணத்தின் ஓரத்தில் காய்ந்து, கண்ணாடி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. சுரண்டினால் லேசில் வரவில்லை. இவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறதே, புள்ளிகளை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் பிடித்துவைக்குமா என்று தோன்றியது. திங்கட்கிழமை அரிசிக் கஞ்சியை வடித்து, எலுமிச்சைத் தண்ணீரோடு கலந்து பூசினேன்.

காய்ந்தது. விளக்கைப் போட்டேன். நீலம். மங்கல்தான், கண்ணைக் கொஞ்சம் பழக்கிக்கொண்டு பார்க்க வேண்டும். ஆனால் நீலம். இந்தத் தடவை நான் எதையும் நம்பவில்லை. வெறும் கஞ்சியை எத்தனாலில் கழுவிப் பூசிப் பார்த்தேன், இருட்டு. பாட்டிலை, பீக்கரை, என் கையை, புடவைத் தலைப்பைக்கூட விளக்கில் காட்டிப் பார்த்தேன். மறுநாளும் படலம் ஒளிர்ந்தது. அடுத்த வாரமும் ஒளிர்ந்தது. திரையாவதற்கு இன்னும் எத்தனையோ தூரம் இருக்கிறது, மின்சாரம் பாய்ச்சி ஒளிர வைக்க வேண்டும், அதெல்லாம் பிறகு. ஆனால் அழுகின எலுமிச்சையும் சோற்றுக் கஞ்சியும் காய்ந்து உட்கார்ந்துகொண்டு வெளிச்சம் தந்தன.

வராந்தாவில் எட்டிப் பார்த்தேன். அவள் இடத்துக்குப் புதிதாக வந்திருந்தவர் போய்க்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் காட்டினேன். பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு மேடம்," என்றார். "வகுப்பு இருக்கு, வாரேன்," என்று போய்விட்டார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. நான் கதவைச் சாத்திவிட்டு அவளுக்குப் போன் போட்டேன்.

"வந்துட்டுட்டி," என்றேன்.

"எங்கன? காஞ்சதுலயா?"

"காஞ்சதுலதான்."

"மஞ்ச இல்லல்லா?"

"மஞ்ச இல்ல. நீலம். ஒரு வாரமா அப்படியே நிக்குது."

அவள் போட்ட கூச்சலில் போனைக் காதைவிட்டுத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "ஏங்க, அவளுக்கு வந்துட்டு!" என்று கத்தினாள். பிறகு எந்தப் பிசின், எவ்வளவு சூடு, எத்தனை சுற்றில் பூசினாய் என்று கேள்விமேல் கேள்வி. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கஞ்சி என்றதும் சிரித்தாள். கேள்விகள் தீர்ந்தன. போனை வைத்துவிடுவாள் என்று தோன்றியது. அப்போதுதான் என் வாயிலிருந்து வந்தது.

"நீ இல்லாம இதப் பாக்கவே நல்லா இல்லட்டி. நீ அங்கன போனதுலேர்ந்து எனக்கு ஒண்ணுமே நல்லா இல்ல."

"ஏட்டி மூதி," என்றாள். தொண்டை அவளுடையது மாதிரியே இல்லை. "அன்னைக்கு உன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னனே, எதுக்குன்னு நெனச்ச? இந்த ஒரு வார்த்தைய அன்னைக்குச் சொல்லியிருந்தா, வெளிச்சமாவது மண்ணாங்கட்டியாவது, நான் அங்கனயே கெடந்திருப்பேன்லா."

நான் பதில் சொல்வதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.